இருளில் நிற்கும் ஈமு

ரேடியோ வானியலாளர் ரே நாரிஸ், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் வானத்தைப் படித்த கதை

சிட்னி நகரத்துக்கு வடக்கே கூரிங்-காய் சேஸ் தேசியப் பூங்காவில் எல்வினா என்றொரு நடைபாதை இருக்கிறது. அதன் ஓரத்து மணற்பாறைப் பரப்பில் ஒரு ஈமுவின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. நீண்ட கழுத்து, பருத்த உடல். கால்கள் மட்டும் தரையில் ஊன்றாமல் பின்னால் நீண்டு கிடக்கின்றன. செதுக்கியவர்களுக்கு ஈமுவின் கால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் போயிருக்காது. அது அவர்கள் வேட்டையாடித் தின்ற பறவை, அதன் முட்டைக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

அந்தப் பாறைக்கு மேலேயே வேறொரு ஈமு இருக்கிறது. நம்மவர்கள் திரிசங்கு என்று சொல்லும் தென்சிலுவைக்குப் பக்கத்தில், பால்வழியின் வெளிச்சத்துக்கு நடுவே கருந்திட்டாக ஓர் இடம் உண்டு. வானியலாளர்கள் அதை நிலக்கரிப்பை என்பார்கள். அதுதான் பறவையின் தலை. அங்கிருந்து கழுத்து, ஆல்பா செண்டாரி, பீட்டா செண்டாரி ஆகிய இரு விண்மீன்கள் வழியாகக் கீழிறங்குகிறது. உடல் விருச்சிகத்தையும் தனுசையும் ஒட்டிப் பரந்து கிடக்கிறது. கால்கள் பின்னால் இழுபடுகின்றன, பாறையில் இருப்பதுபோலவே. விண்மீன்களைக் கோடிழுத்துச் சேர்த்து உருவம் காண்பதுதான் உலகின் பெரும்பாலான மரபுகளின் வழக்கம். இந்த ஈமு, விண்மீன்களுக்கு இடையே இருக்கும் தூசு மேகங்களின் இருட்டால் ஆனது. ஏப்ரல், மே மாத முன்னிரவுகளில் அது வானில் நீட்டி நிமிரும்போது கீழே காட்டில் ஈமுக்கள் முட்டையிடத் தொடங்கும். அந்தப் பருவத்தில் பாறையில் இருக்கும் உருவத்துக்கு நேர் மேலே வானத்து ஈமு அதே கோணத்தில் வந்து நிற்கிறது. இரண்டையும் ஒன்றாகக் காட்டும் பார்னபி நாரிஸின் புகைப்படம் உலகம் சுற்றி வந்தது.

இந்தப் பொருத்தத்தை முதலில் சுட்டியவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற ஆய்வாளர். அதைப் போன்ற நூற்றுக்கணக்கான செய்திகளைத் திரட்டி, வானியல் ஆய்விதழ்களின் மேசையில் கொண்டுபோய் வைத்தவர் ரே நாரிஸ். அவருடைய பகல் வேலையே வேறு. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் விண்மீன் திரள்களை ரேடியோ அலைகளில் தேடுவது.

இங்கிலாந்தில் பிறந்தவர் நாரிஸ். கேம்பிரிட்ஜில் கோட்பாட்டு இயற்பியல் படித்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரேடியோ வானியலில் முனைவர் பட்டம். 1983இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, அந்நாட்டின் தேசிய அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவில் சேர்ந்தார். பின்னாளில் வெஸ்டர்ன் சிட்னி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இந்தப் பட்டியலில் சேராத ஒரு வேலையையும் இளமையிலேயே அவர் செய்திருக்கிறார். பிரிட்டனின் பழங்காலக் கல்வட்டங்கள் நுட்பமான வானியல் கருவிகள் என்று அலெக்சாண்டர் தாம் என்ற பொறியாளர் சொல்லிவந்தார். கிளைவ் ரக்கிள்ஸுடன் சேர்ந்து அந்தக் கூற்றை ஸ்காட்லாந்தின் கல் நிலையங்களில் சரிபார்க்கப் போனவர்களில் நாரிஸும் ஒருவர். ஒரு கல் சூரியன் மறையும் திசையைப் பார்த்து நிற்கிறது என்றால், அது திட்டமிட்டு நட்டதா, தற்செயலா? நூறு கற்கள் இருக்கும் இடத்தில் எந்தத் திசையை எடுத்தாலும் ஏதாவது இரண்டு கற்கள் பொருந்தித்தானே வரும்? இந்தச் சந்தேகத்தோடுதான் அவர் ஆஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கினார்.

அந்தச் சந்தேகத்தை அவர் கைவிடவே இல்லை. அவருடைய மொத்தப் பணியிலும் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

முட்டை வடிவக் கற்கள்

மெல்போர்னுக்கும் ஜீலாங்குக்கும் நடுவில், லிட்டில் ரிவர் என்ற ஊரின் அருகே வுர்டி யோவாங் என்றொரு கல்லமைப்பு இருக்கிறது. வாதரோங் மக்களின் நிலம். ஏறக்குறைய நூறு எரிமலைக் கற்கள், ஒரு முட்டையின் வடிவில், நீள்வாக்கில் சுமார் 50 மீட்டருக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. முட்டையின் மேற்குக் கோடியில் இடுப்பளவுக்கு எழும்பி நிற்கும் மூன்று பெரிய கற்கள். அவற்றிலிருந்து மேற்கே சற்றுத் தள்ளிச் சில தனிக் கற்கள். பெரிய கற்கள் இருக்கும் இடத்திலிருந்து தனிக் கற்களைப் பார்த்தால், கோடை, குளிர்காலக் கதிர்த்திருப்பங்களிலும் சம இரவு நாட்களிலும் சூரியன் மறையும் திசைகள் தெரிகின்றன என்று ஜான் மோரிசன் என்பவர் முன்பே சொல்லியிருந்தார்.

நாரிஸும் உடன் ஆய்வாளர்களும் அந்த இடத்தை மறுபடி முழுமையாக அளந்தார்கள். அவர்களின் ஆய்வு 2013இல் வெளிவந்தது. மோரிசன் சொன்ன திசைகள் சில பாகைத் துல்லியத்துக்குள் சரியாகவே இருந்தன. அதோடு புதிதாக ஒன்றும் கிடைத்தது. முட்டையின் நேரான இரண்டு பக்கங்களும்கூடக் கதிர்த்திருப்ப நாட்களின் மறைவுத் திசைகளை நோக்குகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு வழிகளில் ஒரே திசைகள் வருவது தற்செயலாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மிகக் குறைவு என்றது கணக்கு. அந்தத் திசைகள் திட்டமிட்டே அமைக்கப்பட்டவை என்று சொல்ல அது போதுமானது. ஆனால் அங்கே என்ன சடங்கு நடந்தது, யார் எதற்காகக் கட்டினார்கள் என்பதற்கு எழுத்திலோ வாய்மொழியிலோ பதிவு எதுவும் கிடைக்கவில்லை. அதன் வயதும் தெரியவில்லை. கட்டுரையும் அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்கவில்லை.

இந்த அடக்கத்தை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னோர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று மேடைதோறும் முழங்குவது நமக்குப் பழகிய சத்தம். அந்த முழக்கம் முன்னோர்களைச் சோதனைக்கு அப்பால் தூக்கி வைக்கிறது. சோதிக்கப்படாத அறிவை யாரும் கற்றுக்கொள்ள முடியாது, கும்பிடத்தான் முடியும். ஒரு விண்மீன் திரளின் தூரத்தை நிறுவ என்ன சான்று கேட்பாரோ அதே சான்றை வாதரோங் மக்களின் கற்களிடமும் நாரிஸ் கேட்டார். அவர்களைத் தன் துறைச் சகாக்களாக நடத்தியது அந்தக் கேள்விதான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருந்தது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கு நான்குக்கு மேல் எண்ணத் தெரியாது என்பது நெடுங்காலமாகப் பாடப்புத்தகங்களில் ஓடிக்கொண்டிருந்த கூற்று. எண்ணத் தெரியாதவர்களுக்கு ஏது வானியல் என்று அதோடு விஷயம் முடிந்துவிடும். வட ஆஸ்திரேலியாவின் வார்டமான் மக்களின் மூத்தவர் பில் யிடும்டூமா ஹார்னியைச் சந்தித்தபோது, கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர் பெயரும் கதையும் சொல்வதை நாரிஸ் கண்டார். ஆயிரக்கணக்கில் வரும் பெயர்கள் அவை. கால்நடை மேய்ப்பில் வளர்ந்த ஹார்னி, பெருங்கூட்டமான மாடுகளைத் தன் மொழியிலேயே எண்ணியவர்.

வெள்ளிக்குக் கட்டிய கயிறு

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஆர்னம் லேண்ட். அங்கே யொல்ங்கு மக்கள் வாழ்கிறார்கள். நாரிஸ் அவர்களிடம் போய்க் கேட்டறிந்த செய்திகளை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், அவ்வளவு வளமானவை.

யொல்ங்கு மக்களுக்குச் சூரியன் பெண். பெயர் வாலு. ஒவ்வொரு காலையும் சிறு நெருப்பு மூட்டுகிறாள், அதுதான் விடியல். செங்காவி பூசிக்கொள்ளும்போது மேகங்களில் சிந்தும் துகள்தான் கிழக்கின் சிவப்பு. நிலா ஆண். பெயர் நலிந்தி. சோம்பேறியான பருத்த மனிதன். வேலை செய்யாத அவனை மனைவிமார் கோடரியால் வெட்ட வெட்டத் தேய்ந்து, இறந்து, மூன்று நாள் கழித்து உயிர்த்தெழுகிறான். அமாவாசையும் வளர்பிறையும் வந்துவிட்டன.

நிலா எழும்போதும் விழும்போதும் கடல்நீர் அதனுள் நிறைவதையும் வடிவதையும் வைத்து அவர்கள் ஓதங்களை விளக்குகிறார்கள். நிலாவுக்குள் நீர் புகுவது உண்மையில்லை. ஆனால் நிலாவின் பிறைக்கும் ஓதத்தின் உயரத்துக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை, அதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இங்கே நாரிஸ் கலிலியோவை நினைவுபடுத்துவார். 1632இல் வெளிவந்த தன் நூலில் கலிலியோ, ஓதங்கள் பூமியின் அசைவால் வருபவை, நிலாவுக்கு அதில் பங்கில்லை என்று வாதிட்டார். அந்த ஒரு விஷயத்தில் ஆர்னம் லேண்டின் கடற்கரை மக்கள் கலிலியோவைவிடச் சரியாக இருந்தார்கள். சூரிய கிரகணத்தைச் சூரியப் பெண்ணும் நிலா ஆணும் கூடுவதாகச் சொல்வார்கள். சூரியனை மறைப்பது நிலாதான் என்ற புரிதல் அந்தக் கதைக்குள் இருக்கிறது. கிரகணம் பிடிக்கும்போது நிலா கண்ணுக்குத் தெரியாது என்பதை யோசித்தால் இந்தப் புரிதல் எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

விடிவெள்ளியின் கதை இன்னும் நுட்பமானது. அதன் பெயர் பனும்பிர். கடலுக்குக் கிழக்கே, இறந்தவர்களின் ஆவிகள் சேரும் பரல்கு தீவிலிருந்து அது எழுகிறது. அது தொலைந்துபோய்விடாமல் இருக்க அந்தத் தீவின் மூதாட்டிகள் அதை நீண்ட கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். விடிந்ததும் இழுத்துக் கூடையில் வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக் கோள் சூரியனைவிட்டு ஏறக்குறைய 47 பாகைக்கு மேல் ஒருபோதும் விலகுவதில்லை. பூமியின் சுற்றுப்பாதைக்கு உள்ளே சுற்றுவதால் அப்படி. பிற கோள்களில் பலவும் வானம் முழுக்க அலையும்போது இது சூரியனின் அருகிலேயே நிற்பதைப் பார்த்தவர்கள்தான் அதற்கு ஒரு கயிறு தேவை என்று நினைத்திருப்பார்கள்.

இறந்தவருக்காக யொல்ங்கு மக்கள் நடத்தும் விடிவெள்ளிச் சடங்கில் இறகும் நூலும் கட்டிய அலங்காரக் கம்பங்கள் உண்டு. அந்தி மயங்கத் தொடங்கி வெள்ளி எழும் வரை விழித்திருப்பார்கள். இறந்தவரின் ஆவியைப் பனும்பிர் தன் கயிற்று வழியாகப் பரல்குவுக்கு அழைத்துப்போகும். இந்தச் சடங்கு நடக்க வேண்டுமென்றால் வெள்ளி விடியலில் தெரிய வேண்டும். அது ஆண்டு முழுக்க விடியலில் தெரிவதில்லை. சில மாதங்கள் அந்தியில், சில வாரங்கள் எங்குமே இல்லை. அந்தச் சுற்று 584 நாட்களுக்கு ஒருமுறை திரும்பும். தொலைவிலிருக்கும் உறவினர்கள் வந்து சேரும்படி முன்கூட்டியே நாள் குறிப்பதற்கு, வெள்ளி எப்போது விடியலுக்குத் திரும்பும் என்று தெரிந்திருக்க வேண்டும். எண்ணத் தெரியாதவர்கள் என்று எழுதியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதைகளில் எது வெளியாருக்குச் சொல்லத் தக்கது, எது சொல்லக் கூடாதது என்பதை அந்தந்தச் சமூகத்தின் மூத்தவர்கள்தான் முடிவுசெய்கிறார்கள். ஆண்களுக்கு மட்டுமானவை உண்டு, பெண்களுக்கு மட்டுமானவை உண்டு, தீட்சை பெற்றவர்களுக்கு மட்டுமானவை உண்டு. ஆய்விதழில் அச்சானவை அவர்கள் பொதுவில் வைக்கச் சம்மதித்த பகுதி மட்டுமே. தரவு கிடைத்தால் வெளியிட்டே தீர வேண்டும் என்று பழகிய அறிவியலாளருக்கு இந்த ஒழுக்கம் எளிதில் வராது.

நம் நட்சத்திரங்கள், அவர்கள் கதை

நம் பஞ்சாங்கத்தில் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று வரிசையாக வரும். தென் ஆஸ்திரேலியாவின் பெரும்பாலைப் பகுதியில் இதே விண்மீன்களைக் கொண்டு ஒரு துரத்தல் கதை சொல்லப்பட்டது. கார்த்திகைதான் யுகரில்யா என்ற சகோதரிகள். ஓரியன் என்று மேலை நாட்டார் சொல்லும் விண்மீன் கூட்டம் நியீருனா என்ற வேட்டைக்காரன். அவன் சகோதரிகளைத் துரத்துகிறான். நடுவில் மூத்தவள் கம்புகுத்தா மறித்து நிற்கிறாள். அவளுடைய இடக்கால்தான் நம் ரோகிணி. அவன் வலக்கைதான் நம் திருவாதிரை. கோபத்தில் அவன் கையில் தீ மூள்கிறது, அவள் தன் காலைத் தூக்கித் தன் தீயைக் காட்டுகிறாள். அவன் அவமானப்பட, கைத்தீ மங்குகிறது. பிறகு மெல்ல மறுபடி மூள்கிறது.

திருவாதிரை ஒளி மாறும் விண்மீன். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் அது வழக்கத்தைவிட மங்கியபோது உலகெங்கும் செய்தியானது. ரோகிணியும் ஒளி மாறுவதே, ஆனால் மிகக் குறைவாக. இந்தக் கதையை டெய்சி பேட்ஸ் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறித்துவைத்தார். அதில் விண்மீன்களின் ஒளிமாற்றம் பதிவாகியிருப்பதை எடுத்துக்காட்டியவர்கள் டுவேன் ஹமாக்கரும் டிரெவர் லீமனும். ஹமாக்கர் அமெரிக்காவிலிருந்து வந்து, நாரிஸுடன் பல ஆய்வுகளில் கைகோத்து, இந்தத் துறையை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றவர்.

இந்த இடத்தில் நாரிஸின் மிகத் துணிச்சலான யோசனையைச் சொல்ல வேண்டும். கார்த்திகையைச் சாதாரணமாகப் பார்ப்பவர்களுக்கு ஆறு விண்மீன்கள் தெரியும். சங்கப் புலவர்கள் அதை அறுமீன் என்றார்கள். கிரேக்கர்கள் ஏழு சகோதரிகள் என்று சொல்லி, ஒருத்தி எங்கே போனாள் என்பதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பல பூர்வகுடிகளும் ஏழு சகோதரிகள் என்கிறார்கள், ஒருத்தி காணாமல் போனதற்குக் கதையும் வைத்திருக்கிறார்கள். நம் மரபிலும் அந்த ஏழாமவள் உண்டு. மகாபாரதத்தின்படி ஏழு முனிவர்களின் மனைவியரில் ஆறு பேர் கார்த்திகைப் பெண்களானார்கள். அருந்ததி மட்டும் அவர்களோடு சேராமல் வசிட்டரின் பக்கத்திலேயே இருந்துவிட்டாள்.

ரே நாரிஸும் ஈமு புகைப்படத்தை எடுத்த பார்னபி நாரிஸும் விண்மீன்களின் நகர்வுகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். இன்று அட்லஸ், பிளியோன் என்ற இரண்டு விண்மீன்கள் நம் பார்வைக்கு ஒட்டி நின்று ஒன்றாகத் தெரிகின்றன. ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை விலகியிருந்தன. அப்போது ஏழு தெரிந்திருக்கும். மனிதர்கள் ஆப்பிரிக்காவைவிட்டுப் பரவத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அப்படியென்றால் இந்தக் கதை ஆப்பிரிக்காவிலேயே பிறந்து எல்லாத் திசைகளுக்கும் பயணப்பட்டிருக்குமோ?

மனம் மயங்கும் யோசனை. எனக்கு இதில் முழு நம்பிக்கை வரவில்லை. ஏழு என்ற எண்ணுக்குப் பல பண்பாடுகளிலும் தனிச் செல்வாக்கு உண்டு. நல்ல கண் உள்ளவர் இருட்டான இரவில் ஏழுக்கு மேலும் எண்ணுவார். ஒரே காட்சியைப் பார்த்த வெவ்வேறு மக்கள் ஒரே மாதிரிக் கதை கட்டுவதும் இயல்பு. ஒரு லட்சம் ஆண்டு வாய்மொழி நீடிக்குமா என்பதும் பெரிய கேள்வி. நாரிஸும் இதை ஊகம் என்ற அளவில்தான் முன்வைக்கிறார். கணக்கு விண்மீன்களைப் பற்றியது, அது உறுதி. கதையின் வயது வேறு விஷயம்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு மத்திய ஆஸ்திரேலியாவில் நல்ல சான்று இருக்கிறது. ட்னோராலா என்ற பெரும் பள்ளம். பால்வழியில் பெண்கள் நடனமாடியபோது ஒருத்தி தன் குழந்தையை மரத்தொட்டியோடு ஓரமாக வைக்க, அது வழுக்கி விழுந்து உண்டான பள்ளம் அது என்பது அரண்டே மக்களின் கதை. அறிவியலும் வானிலிருந்து விழுந்த பொருள் உண்டாக்கிய பள்ளம் என்றே சொல்கிறது. ஆனால் விழுந்தது ஏறக்குறைய 14 கோடி ஆண்டுகளுக்கு முன். பார்த்துச் சொல்ல மனிதர் யாரும் இல்லை. அதே பகுதியின் ஹென்பரி பள்ளங்கள் அப்படியல்ல. அவை உண்டாகிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன, அப்போது மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். சூரியனிலிருந்து தீப்பேய் ஓடிவந்த இடம் என்று அங்கிருந்த முதியவர்கள் அந்தப் பக்கம் கூடாரம் போட மறுத்தது 1930களில் பதிவாகியிருக்கிறது. இரண்டு கதைகளும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஒன்று நேரில் கண்டவர்களின் நினைவாக இருக்கலாம், மற்றது இருக்க முடியாது.

நேரில் கண்டதற்கு ஐயமற்ற சான்றும் ஒன்று உண்டு. 1857இல் வில்லியம் ஸ்டான்பிரிட்ஜ் என்ற குடியேற்றக்காரர், விக்டோரியாவின் டிரெல் ஏரிக்கரையில் வாழ்ந்த பூரோங் மக்களின் விண்மீன் பெயர்களை ஒரு கூட்டத்தில் வாசித்தார். அதில் 966 என்ற பட்டியல் எண்ணோடு பெரிய செந்நிற விண்மீன் ஒன்று வருகிறது. காக்கையின் மனைவி என்பது அதன் பெயருக்குப் பொருள். காக்கை, நம் அகத்திய மீன். இன்று அந்த இடத்தில் அப்படிப் பிரகாசமான விண்மீன் எதுவும் இல்லை. அது ஈட்டா கரினே என்று ஹமாக்கரும் டேவிட் ஃப்ரூவும் 2010இல் காட்டினார்கள். 1843வாக்கில் பெருவெடிப்பு ஒன்றில் அது வானத்தின் இரண்டாவது ஒளிமிக்க விண்மீனாகப் பொங்கி, பிறகு மங்கிப்போனது. பொங்கிய அந்தச் சில ஆண்டுகளிலேயே பூரோங் மக்கள் அதைத் தங்கள் குடும்பக் கதைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தொன்மம் என்றாலே பழசு, மாறாதது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பெயரை யோசித்துப் பார்க்கலாம். அந்த மக்களின் வானறிவில் இன்று எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி ஸ்டான்பிரிட்ஜின் அந்தச் சில பக்கங்கள்தான். குடியேற்றம் மீதியை அழித்துவிட்டது.

2017 இறுதியில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட விண்மீன் பெயர்களில் நான்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுடையவை. லாராவாக், வுர்ரன், கினான் மூன்றும் வார்டமான் பெயர்கள். உனுர்குனைட் பூரோங் மக்களுடையது. திரிசங்கின் ஐந்தாவது விண்மீனான கினான், அறிவுப் பாடல்கள் நிறைந்த சிவப்புச் சுருக்குப்பை.

அதே நிலத்தில் நவீன காது

நாரிஸின் பகல் வேலைக்கு வருவோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பகுதியில், கைப்பேசிக் கோபுரமும் நெடுஞ்சாலையும் இல்லாத செம்மண் பரப்பில், 36 ரேடியோ கிண்ணங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 12 மீட்டர் அகலம். ஆஸ்காப் என்று பெயர். அதைக் கொண்டு தென்வானத்தை முழுக்க ரேடியோ அலைகளில் படமெடுக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கி வழிநடத்தியவர் நாரிஸ். திட்டத்தின் பெயர் ஈமு. அதுவரை மனிதகுலம் அறிந்திருந்த ரேடியோ மூலங்கள் மொத்தம் 25 லட்சம் அளவில் இருந்தன. இந்த ஒரு திட்டம் ஏழு கோடியைத் தொடும் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டார்கள்.

அந்தத் திட்டத்தின் முன்னோட்டப் படங்களை 2019இல் பார்த்துக்கொண்டிருந்த அன்னா கபின்ஸ்கா, விளிம்பு பளிச்சிடும் மங்கலான வட்டம் ஒன்றைக் கண்டார். ஒளித் தொலைநோக்கிகளில் அந்த வளையத்தின் தடயமே இல்லை. கருவிக் கோளாறா என்று சோதித்தார்கள், இல்லை. மேலும் சில கிடைத்தன. அவற்றில் ஒன்று நம் புனேவுக்கு அருகே உள்ள மாபெரும் மீட்டர் அலைத் தொலைநோக்கியின் பழைய பதிவுகளில் கவனிக்கப்படாமல் கிடந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள இந்த வளையங்கள் தொலைதூர விண்மீன் திரள்களைச் சூழ்ந்தவை என்பது வரை புரிந்திருக்கிறது. எது அவற்றை ஊதிப் பெருக்கியது என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

தேடாத ஒன்றைக் கண்டுபிடிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது நாரிஸ் தன் துறையினரிடம் பல ஆண்டுகளாக வாதிட்டுவரும் கருத்து. பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் திட்ட வரைவில் எழுதியிருந்ததைத் தேடியபோது வந்தவை அல்ல என்று அவர் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். விண்மீன்களை எண்ணும் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு அவற்றின் இடையே இருக்கும் இருட்டு ஈமுவைக் காட்டியது யார் என்று பார்த்தால், இந்தக் கருத்து அவருக்கு எங்கிருந்து வலுப்பெற்றது என்று ஊகிக்க முடிகிறது. இது என் ஊகம்தான்.

இந்தியாவிலும் இப்படி இரு உலகங்களில் நடந்தவர் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் வானியற்பியலாளர் மயங்க் வாஹியா, கணேஷ் ஹல்கரேவுடன் மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் வானறிவைத் தொகுத்து 2013இல் வெளியிட்டார். பிறகு பஞ்சாராக்கள், கோலாம்கள், கோர்க்குகள். தமிழ்க் கடலோடிகளின் விண்மீன் அறிவைப் பற்றி மும்பைப் புவியியலாளர் பா. அருணாசலம் எழுதியவையும் நம்மிடம் உண்டு. காவலூர் வானாய்வகம் நிற்பதோ மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஜவ்வாது மலையில். நம் கடற்கரைகளிலும் மலைகளிலும் இரவில் வேலை செய்து வளர்ந்த தலைமுறை வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, கேட்டதை வானத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை இங்கே இன்னும் ஏராளமாகக் கிடக்கிறது. கல்லூரி இயற்பியல் துறைகள் நாளைக்கே தொடங்கலாம், பெரிய கருவிகள் வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் இந்த வேலை இப்போது உரியவர்களின் கைக்குப் போயிருக்கிறது. கமிலராய் பெண்ணான வானியலாளர் கார்லி நூனும், கிரிஸ்டல் டி நபோலியும் சேர்ந்து 2022இல் தங்கள் மக்களின் வானறிவு பற்றி நூல் எழுதினார்கள். அவர்களின் தலைமுறை எழுப்பும் கேள்விகளும் வேறு. ஒளி மாசு பண்பாட்டையும் அழிக்கிறது என்று ஹமாக்கரும் டி நபோலியும் பொன் மாட் என்ற ஆய்வாளரோடு 2020இல் எழுதினார்கள். நகர வெளிச்சத்தில் பிரகாசமான விண்மீன்கள் தப்பிப் பிழைக்கும். பால்வழியின் இருட்டில் வரைந்த உருவங்கள் முதலில் போய்விடும். செயற்கைக்கோள்கள் பெருகப் பெருக, ஊரைவிட்டு எவ்வளவு தூரம் போனாலும் பழைய வானம் கிடைக்காது என்பது அவர்களின் கவலை.

நிலத்தின் கேள்வியும் இருக்கிறது. ஆஸ்காப் நிற்பது வஜாரி யமாஜி மக்களின் மண்ணில். 36 கிண்ணங்களுக்கும் வஜாரி மொழியில் பெயரிட்டிருக்கிறார்கள். நிலா, விண்மீன்கள், பால்வழி, சுற்றியுள்ள குன்றுகள் என்று அந்தப் பெயர்கள் போகின்றன. இப்போது அதே இடத்தில் எஸ்கேஏ எனும் பன்னாட்டுத் தொலைநோக்கியின் ஒரு பாதி எழுகிறது. மனித உயரத்துக்குச் சற்று மேலான, கிறிஸ்துமஸ் மரம் போன்ற 1,31,072 ஆண்டெனாக்கள். அதற்கு முன் வஜாரி மக்களோடு நிலப்பயன்பாட்டு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. பல ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 2022இல் அது கையெழுத்தானது. வானாய்வகத்துக்கு இன்யாரிமான்ஹா இல்காரி புந்தாரா என்று வஜாரி மக்கள் பெயர் வைத்தார்கள். வானத்தையும் விண்மீன்களையும் பகிர்ந்துகொள்வது என்று அதற்கு அர்த்தம். கட்டுமானம் அதே ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கியது. பாரம்பரிய இடம் எதுவும் சிதைந்துவிடாதபடி, மண்ணைத் தோண்டும் வேலைகளின்போது வஜாரி கண்காணிப்பாளர்கள் உடனிருக்கிறார்கள். அவர்கள் கைகாட்டும் இடங்களை ஆண்டெனாக்கள் விலகிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.